ஒன்றாம் வகுப்பில் சேர்த்து மூன்று வாரம்: டைரியில் இல்லாத வகுப்பு விதிகளை எப்படித் தெரிந்துகொள்வது?

நிலாஅம்மா | ஜூன் 24, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருக்கிறாள். கரூர் பக்கம் ஒரு தனியார் நர்சரி பிரைமரி பள்ளி, ஆங்கில வழி. யுகேஜி வரை வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, எல்லாரும் தமிழிலேயே பேசுகிற ஒரு சின்னப் பள்ளியில் படித்தவள்.

தினமும் அரை லிட்டர் பாட்டில் நிறையத் தண்ணீர் கொடுத்து அனுப்புகிறேன். மாலையில் அப்படியே திரும்பி வருகிறது. மூடியைத் திறந்த தடயம்கூட இல்லை. வேனிலிருந்து இறங்கியதும் ஷூவைக் கழற்றாமல் நேராக பாத்ரூமுக்கு ஓடுகிறாள். முதல் வாரம் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேற்று சிறுநீர் போகும்போது எரிகிறது என்று அழுதாள். டாக்டரிடம் காட்டினோம். தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் அடக்கி வைப்பதும்தான் காரணம் என்றார்.

ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால் "மிஸ் விட மாட்டாங்க" என்கிறாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

பள்ளி டைரியின் முதல் நான்கு பக்கம் முழுக்க விதிமுறைகள். கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தேன். நேற்று இரவு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். சீருடை, நகம், தாமதமாக வந்தால் என்ன, விடுப்புக் கடிதம், பிறந்தநாளுக்குச் சாக்லேட் கூடாது, தங்கக் கம்மல் கூடாது, எல்லாம் இருக்கிறது. டாய்லெட் பற்றி ஒரு வரி இல்லை.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது? சண்டைக்காரி என்று பெயர் வாங்கவும் மனமில்லை, பிள்ளை அவதிப்படுவதைப் பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியவில்லை.

---

செல்வம்_திருப்பூர் | ஜூன் 24, இரவு 10.05

இதில் யோசிக்க என்னங்க இருக்கு? நாளைக் காலையிலேயே பிரின்சிபால் அறைக்குப் போங்கள். டாக்டர் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுங்கள், மற்ற பெற்றோருக்கும் இதே பிரச்சினை இருக்கும். ஆறு வயதுக் குழந்தையை டாய்லெட் விடாமல் உட்கார வைப்பதெல்லாம் சட்டப்படி குற்றம்.

---

வகுப்பறை_டீச்சர் | ஜூன் 25, காலை 6.15

நிலாஅம்மா, நான் தர்மபுரி மாவட்டத்தில் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பதினேழு வருடமாகச் சின்ன வகுப்புதான்.

செல்வம் சொல்வதில் கோபம் சரி, வரிசை சரியில்லை. முதலில் பிரின்சிபாலும் வேண்டாம், குழுவும் வேண்டாம். குழுவில் போட்ட நிமிடத்தில் அந்த டீச்சர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார், உங்கள் மகளைப் பார்க்க மாட்டார். நானும் அப்படித்தான் ஆவேன். எனக்கு நடந்திருக்கிறது.

ஒரு விஷயம் கவனியுங்கள். சின்னப் பிள்ளைகள் "மிஸ் விட மாட்டாங்க" என்றால் மூன்று அர்த்தம் இருக்கலாம். கேட்டேன், மறுத்தார். கேட்கவே இல்லை, மறுப்பார் என்று நினைத்தேன். வேறு ஒருவன் கேட்டான், அவனைத் திட்டினார். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு.

ஏன் என்று கேட்டால் அவர்களுக்குப் பதில் வராது. "எப்படி" என்று கேளுங்கள். இன்று மாலை பள்ளிக்கூட விளையாட்டு விளையாடுங்கள். அவள் மிஸ், நீங்கள் பிள்ளை. "மிஸ், பாத்ரூம் வருது" என்று நீங்கள் சொல்லுங்கள். அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள்.

வகுப்புப் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒருவன் எழுந்தால் அடுத்த நிமிடம் எட்டுப் பேர் சுண்டு விரலைக் காட்டுவார்கள். அதனால் எல்லா வகுப்பிலும் ஏதோ ஒரு ஏற்பாடு இருக்கும். ஒரு நேரத்தில் ஒருவர், அல்லது கூட ஒரு துணை, அல்லது இடைவேளைக்கு அனுப்பிவிட்டுத்தான் பாடம். அதில் தவறில்லை. அவசரம் என்றால் விட வேண்டும், அது மட்டும்தான் பேச்சுக்கே இடமில்லாத விஷயம்.

---

தாத்தா_ஆசிரியர் | ஜூன் 25, காலை 7.30

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நான். சட்டம் பற்றிப் பேச்சு வந்ததால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. இது தனியார் பள்ளிக்கும் பொருந்தும். 29ஆம் பிரிவு, பிள்ளை பயமும் பதற்றமும் இல்லாமல் கற்க வேண்டும் என்கிறது.

இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் சந்திப்பிலேயே பிரிவு எண்ணைச் சொல்லாதீர்கள் அம்மா. டீச்சர் சொல்கிற வரிசைதான் சரி.

---

நிலாஅம்மா | ஜூன் 25, இரவு 8.50

டீச்சர், விளையாடிப் பார்த்தோம். எழுதும்போதே கை நடுங்குகிறது.

என் துப்பட்டாவை எடுத்துப் புடவை மாதிரிச் சுற்றிக்கொண்டாள். மர ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டாள். நான் கீழே உட்கார்ந்து, சுண்டு விரலைக் காட்டி "மிஸ், பாத்ரூம் வருது" என்றேன்.

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "டெல் இன் இங்கிலீஷ்" என்றாள்.

எனக்குத் தெரியாது மிஸ் என்றேன். "தெரியாதுன்னா உக்காரு. அடுத்த ஆளு" என்றாள். குரல்கூட வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. சரி, நீயே சொல்லிக் காட்டு என்று கேட்டேன். "மே ஐ... மே ஐ கோ... டு..." அதோடு நின்றுவிட்டாள். அப்புறம்தான் முழுதும் வந்தது. முதல் வாரத்தில் ஒரு நாள் எழுந்து நின்று பாதியில் நின்றிருக்கிறாள். பின் பெஞ்சில் இரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து கேட்பதே இல்லை. கேட்காமல் இருக்க வேண்டும் என்றால் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று அவளே கண்டுபிடித்திருக்கிறாள்.

மிஸ் மறுக்கவே இல்லை. இவளுக்கு அந்த வாக்கியம் வரவில்லை. அவ்வளவுதான்.

---

கோவை_மீரா | ஜூன் 25, இரவு 9.20

படிக்கும்போதே தொண்டை அடைக்கிறது நிலாஅம்மா.

என் பையன் சிபிஎஸ்இ பள்ளி, இரண்டாம் வகுப்பு. போன வருடம் மதிய உணவு அப்படியே திரும்பி வந்தது. பசிக்கவில்லை என்பான். பதினைந்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்க வேண்டும், டப்பா மூடியை மிஸ் திறந்து தர மாட்டார், நாமே திறக்க வேண்டும் என்பது விதி. எவர்சில்வர் டப்பாவின் மூடி அவன் விரலுக்கு இறுகல். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. சம்பளம் கட்டும் ரசீதில் இருக்கிற ஒவ்வொரு வரியையும் படித்தேன், டப்பா மூடியை யோசிக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்ற விதியைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நாம் சேர்த்ததே அதற்குத்தானே? வீட்டில் ஆங்கிலம் இல்லாத பிள்ளைக்கு அங்கேயும் பேசாவிட்டால் எங்கே வரும்?

---

வகுப்பறை_டீச்சர் | ஜூன் 25, இரவு 9.45

மீரா, கதை சொல்ல, கணக்குக்கு விடை சொல்ல, தோழியிடம் ரப்பர் கேட்க ஆங்கிலம் என்று வையுங்கள். வலிக்கிறது, வாந்தி வருகிறது, அவசரம், பயமாக இருக்கிறது, யாரோ தொட்டார்கள் என்பதைச் சொல்ல எந்த மொழிக்கும் நிபந்தனை வைக்கக் கூடாது. இன்று பாத்ரூம் கேட்க வாய் வராத பிள்ளை, நாளைக்கு வேறொன்று நடந்தாலும் சொல்லாது. எனக்கு இதில் பயமே அதுதான்.

நிலாஅம்மா, இப்போது நீங்கள் டீச்சரைப் பார்க்கலாம். இந்த விளையாட்டு விஷயத்தை நீங்கள் பார்த்த மாதிரியே சொல்லுங்கள், புகார் மாதிரி சொல்ல வேண்டாம். காலை மணி அடிக்கிற நேரத்தில் வாசலில் நின்று பேச வேண்டாம். அப்போது எங்கள் தலையில் ஆயிரம் இருக்கும், பிள்ளைகளின் வருகையைப் பதிய வேண்டும், ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள். டைரியில் இரண்டு வரி எழுதி நேரம் கேளுங்கள். "நிலாவின் உடல்நலம் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும், பள்ளி விட்ட பிறகு எந்த நாள் வசதி?" இது போதும்.

---

தாத்தா_ஆசிரியர் | ஜூன் 26, காலை 7.10

சட்டத்தின் அதே 29ஆம் பிரிவு, பயிற்று மொழி முடிந்தவரை பிள்ளையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆங்கில வழியைத் தேர்ந்தெடுப்பது பெற்றோர் விருப்பம். அதற்காகப் பிள்ளையின் வாயைக் கட்ட வேண்டியதில்லை.

கண்டிப்பு பற்றி என் பங்குக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். எண்பதுகளில் நானும் பிரம்பு வைத்திருந்தேன். சேர்க்கைக்கு வருகிற அப்பாக்கள் "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு தோலை உரிச்சுடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். பல வருடம் கழித்து ஒரு மாணவன், இன்று அவனுக்கே என் பேரன் வயதில் பிள்ளைகள், திருமண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான்: "சார், உங்க பாடத்துல எனக்கு ஞாபகம் இருக்கறது வாசல் சத்தம் மட்டும்தான். நீங்க வர்ற செருப்புச் சத்தம்." அவனுக்கு நான் நான்காம் வகுப்பில் ஒரு வருடம் முழுக்கப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

இன்றும் சில பெற்றோர் "நல்லா அடிங்க மிஸ்" என்று வாசலில் நின்று சொல்கிறார்கள். பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். பள்ளியில் அடி விழுந்தால் வீட்டில் சொல்லிப் பயனில்லை என்று அது அன்றே முடிவு செய்துவிடும். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

---

செல்வம்_திருப்பூர் | ஜூன் 26, இரவு 10.30

நான் எழுதியது அவசரம்தான், ஒத்துக்கொள்கிறேன். டீச்சர் இங்கே இருப்பதால் என் விஷயத்தையும் கேட்டுவிடுகிறேன். பையன் அரசுப் பள்ளி, மூன்றாம் வகுப்பு. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அவனை "அரும்பு" என்று வைத்திருக்கிறார்கள். என் அண்ணன் மகன் அதே வகுப்பு, அவன் "மலர்". பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சின்னப் பயல்களே "டேய் அரும்பு" என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். என் மனைவி அன்று சாப்பிடவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையை இப்படிப் பிரித்து வைப்பது சரியா? இதைப் பற்றி எங்களிடம் யாரும் முதலில் சொல்லவே இல்லை.

---

வகுப்பறை_டீச்சர் | ஜூன் 27, காலை 5.50

சொல்லாதது எங்கள் தவறு. வருட ஆரம்பத்திலேயே பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து, பிள்ளைகள் எழுத்தை மறந்து வந்தபோது 2022 ஜூனில் தொடங்கிய திட்டம் இது. முதலில் 1 முதல் 3 வரை, பிறகு 4, 5 வகுப்புகளுக்கும். பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை விட்டுவிட்டு, இப்போது எதை வாசிக்கிறது, எதைக் கணக்குப் போடுகிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்குவதுதான் அரும்பு, மொட்டு, மலர். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டவே வரவில்லை என்றால் அதன் கையில் மூன்றாம் வகுப்புப் பாடத்தைக் கொடுத்து ஒரு பயனும் இல்லை. பக்கம் புரளும், அவ்வளவுதான்.

என் வகுப்பில் போன வருடம் ஒரு பையன். "பட்டம்" என்பதை "படம்" என்றுதான் வாசிப்பான். "பக்கம்" என்றால் "பகம்". புள்ளி வைத்த எழுத்து அவன் கண்ணுக்கே தெரியாது. அதட்டினால் சரியாகுமா? கைதட்டி வாசித்தோம். பட் என்று ஒரு தட்டு, டம் என்று ஒரு தட்டு. புள்ளி வருகிற இடத்தில் கை நிற்க வேண்டும். ஆறு வாரம் ஆனது. தானாகவே ஒரு நாள் சுவரில் இருந்த "தண்ணீர்த் தொட்டி" என்ற பலகையைத் தட்டித் தட்டி வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவன் அரும்பில் இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஆறு வாரத்தை நான் அவனுக்குக் கொடுத்திருக்க முடியாது.

ஆகவே செல்வம், "ஏன் அரும்பில் வைத்தீர்கள்" என்று கேட்காதீர்கள். "மொட்டுக்குப் போக இவனுக்கு என்ன வர வேண்டும், வீட்டில் நாங்கள் எதைச் செய்யலாம்" என்று கேளுங்கள். டீச்சர் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்வார். அதை மட்டும் தினமும் பத்து நிமிடம் செய்யுங்கள். பேருந்தின் பெயர்ப் பலகை, மளிகைக் கடைப் பொட்டலம், எதுவானாலும் சரி.

கேலிக்கு வகுப்பில்தான் மருந்து. நிலையின் பெயரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடுகிற பழக்கம் வகுப்பில் இருந்தால் அதை நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அதற்குத் தயங்க வேண்டாம்.

---

செல்வம்_திருப்பூர் | ஜூன் 27, மதியம் 1.15

நன்றி டீச்சர். புள்ளி எழுத்து விஷயம் அப்படியே என் பையன்தான். சாயங்காலம் கைதட்டிப் பார்க்கிறேன். இன்னொரு கேள்வி. எங்கள் பள்ளி இரண்டு டீச்சர் பள்ளி. அவன் டீச்சரிடம் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்பு எல்லாம் ஒரே அறையில். அதிலும் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் அஞ்சு வகுப்பும் ஒருத்தரிடம். இதில் எங்கே தனியாகக் கவனிக்கிறது?

---

வகுப்பறை_டீச்சர் | ஜூன் 27, இரவு 8.10

என் பள்ளியும் ஈராசிரியர் பள்ளிதான். சட்டம் தொடக்க வகுப்பில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். வகுப்பு எத்தனை என்று அது எண்ணுவதில்லை, தலையைத்தான் எண்ணுகிறது. 40 பிள்ளைகள் ஐந்து வகுப்பில் இருந்தாலும் இருவர்தான். கஷ்டம்தான், மறைக்க ஒன்றுமில்லை.

இதை நாங்கள் மேலே சொன்னால் ஒரு சத்தம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நீங்கள் தீர்மானம் போட்டு அனுப்பினால் வேறு சத்தம். அரசுப் பள்ளியில் அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். கூட்டம் என்று சீட்டு வந்தால் நீங்கள் ஷிப்டில் இருந்தாலும் உங்கள் மனைவியாவது வரட்டும். கையெழுத்துப் போட மட்டும் வராதீர்கள். எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வந்தது இந்தக் குழுவில் ஓர் அம்மா விடாமல் மூன்று கூட்டம் கேட்டதால்தான்.

---

கோவை_மீரா | ஜூன் 27, இரவு 9.05

எங்களைப் போன்ற தனியார் பள்ளிப் பெற்றோருக்கு அந்தக் குழு கிடையாது இல்லையா? பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் ஆளுக்கு ஐந்து நிமிடம். மதிப்பெண் அட்டையைக் காட்டுவார்கள், "மேம்படுத்த வேண்டும்" என்பார்கள், அடுத்த டோக்கன்.

வீட்டுப்பாடத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இரண்டாம் வகுப்புக்குத் தினமும் நாலு பக்கம். பத்து மணி வரை நானும் அவனும் அழுகிறோம். சில நாள் இடது கையால் நானே எழுதித் தந்துவிடுகிறேன்.

---

தாத்தா_ஆசிரியர் | ஜூன் 28, காலை 7.00

2018 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் 1, 2 வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று தீர்ப்பளித்தது. நீதிபதி கிருபாகரன் கொடுத்த தீர்ப்பு. சிபிஎஸ்இ பள்ளிகளைப் பற்றிய வழக்கிலிருந்துதான் அது வந்தது. 2020இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பை கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம், 3 முதல் 5 வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பதும் அதில்தான் இருக்கிறது. 20 கிலோ பிள்ளைக்கு 2 கிலோ. இன்று இரவே குளியலறைத் தராசில் பையை வைத்துப் பாருங்கள்.

---

வகுப்பறை_டீச்சர் | ஜூன் 28, காலை 7.40

மீரா, இடது கையால் எழுதுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம் என்பதற்காகச் சொல்லவில்லை. நோட்டில் எல்லாம் சரியாக இருந்தால் டீச்சர் அவனுக்கு வந்துவிட்டது என்று நினைத்து அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். எதில் தடுமாறுகிறான் என்று தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழி இல்லை.

முடியாத நாளில் நோட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். "இரண்டு கணக்குப் போட்டான். மூன்றாவதில் கடன் வாங்கும் இடத்தில் குழம்பினான். ஒன்பது மணிக்குத் தூங்க வைத்துவிட்டேன்." தேதி போட்டுக் கையெழுத்து. இந்த மாதிரி ஒரு வரிக்குக் கோபப்படுகிற டீச்சரை நான் அதிகம் பார்த்ததில்லை. தினமும் அப்படி எழுத வேண்டியிருந்தால், அதையே வைத்துக்கொண்டு பேசப் போகலாம்.

---

மூணுபுள்ளஅப்பா | ஜூன் 28, மாலை 4.20

எனக்கு மூன்று பிள்ளைகள், மூன்று பள்ளி பார்த்துவிட்டேன். சின்னச் சின்ன விஷயம்தான், ஆனால் தொந்தரவு கொடுத்தது இவைதான்.

தாமதம். எங்கள் அரசுப் பள்ளியில் காலையிலேயே செயலியில் வருகை ஏற்றிவிடுகிறார்கள். பத்து மணிக்குக் கொண்டுபோய் விட்டால் அன்று அவன் வராத கணக்கில் இருப்பான். காலை உணவும் மணி அடிக்கும் முன்பே பரிமாறி முடித்துவிடுவார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. எங்கள் வீட்டில் காலையில் நான்கு மணிக்கு இருவரும் வேலைக்குக் கிளம்ப வேண்டும், அந்தப் பொங்கலும் சாம்பாரும் எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல முடியாது. பிள்ளையை அனுப்பும் நேரத்தைப் பள்ளி மணிக்கு வைக்காதீர்கள், சாப்பாட்டு மணிக்கு வையுங்கள்.

விடுப்பு. காய்ச்சல் என்றால் ஒரு வரியாவது சொல்லி அனுப்புங்கள். ஊர்த் திருவிழா என்றாலும் திருவிழா என்றே எழுதுங்கள். காய்ச்சல் என்று எழுதிவிட்டு வந்தால் பிள்ளை அடுத்த நாள் ராட்டினம் ஏறிய கதையை வகுப்பு முழுக்கச் சொல்லிவிடும். பொய் சொல்லச் சொல்லிக் கொடுத்தது நாம் என்று ஆகிவிடும்.

ஆல் பாஸ். எட்டாம் வகுப்பு வரை ஃபெயில் போட மாட்டார்கள் என்பது உண்மை. 2024 டிசம்பரில் மத்திய அரசு 5, 8 வகுப்பு விதியை மாற்றியபோதும் தமிழ்நாடு மாற்றவில்லை. ஆனால் பாஸ் ஆகிவிட்டான் என்பதை வைத்துப் படிக்கிறான் என்று இருந்துவிடாதீர்கள். நான் என் மூத்தவன் விஷயத்தில் இருந்துவிட்டேன். ஆறாம் வகுப்பில் போய்த்தான் அவனுக்கு வகுத்தல் வராது என்று தெரிந்தது. தேர்ச்சி அட்டையைப் பார்த்ததோடு சரி, நோட்டைத் திறந்து பார்த்ததில்லை.

---

பழனியம்மா78 | ஜூன் 28, இரவு 7.30

என் பேத்திக்கு நான்தான் பள்ளிக்குப் போய் வருகிறேன், மகளும் மருமகனும் வெளியூரில். படிக்கத் தெரியாதவள் நான், பக்கத்து வீட்டுப் பையன் எழுதித் தருகிறான். கூட்டத்தில் எல்லோரும் போனைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்கள். எல்லாத் தகவலும் குரூப்பில் வருகிறதாம். எனக்குப் பட்டன் போன். நான் என்ன கேட்டால் சரியாக இருக்கும்?

---

வகுப்பறை_டீச்சர் | ஜூன் 28, இரவு 8.00

அம்மா, நீங்கள் கேட்டால் எந்த டீச்சரும் உட்கார வைத்துப் பேசுவார். மூன்றே கேள்வி போதும். "பேத்தி யார் கூட உட்கார்றா? மத்தியானம் நல்லா சாப்பிடறாளா? எதுக்காவது பயப்படறாளா?" இந்த மூன்றுக்கும் பதில் தெரியாத டீச்சர் என்றால் அவர் அன்று இரவு யோசிப்பார், மறுநாள் கவனிப்பார். எனக்கு ஒரு பாட்டி அப்படிக் கேட்டிருக்கிறார். யார் பக்கத்தில் உட்காருகிறாள் என்று எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. மறுநாள் பார்த்தேன். யாரும் பக்கத்தில் உட்காரவில்லை.

குரூப்பில் வருவதை உங்களுக்கு வாயால் சொல்ல வேண்டியது பள்ளியின் வேலை. "எனக்குப் போன் இல்லை, சீட்டில் எழுதிக் குடுங்க" என்று ஒரு முறை சொல்லி வையுங்கள்.

பிள்ளையின் பாதுகாப்பு பற்றி ஏதாவது மனதை உறுத்தினால் 1098 என்ற எண்ணுக்கு அந்தப் பட்டன் போனிலேயே பேசலாம். கல்வித் துறையின் உதவி எண் 14417. அரசுப் பள்ளிச் சுவரில் இரண்டும் எழுதியிருக்கும். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சொல்லி போனில் பதிந்து வையுங்கள்.

---

நிலாஅம்மா | ஜூலை 2, இரவு 9.15

டைரியில் நீங்கள் சொன்ன மாதிரியே எழுதினேன். மறுநாளே "இன்று 3.45" என்று பதில் வந்தது.

டீச்சர் சின்னப் பெண், இருபத்து மூன்று வயதிருக்கும். இந்த வருடம்தான் சேர்ந்திருக்கிறார். நான் துப்பட்டா சுற்றிய கதையைச் சொன்னேன், ஸ்கேல், "அடுத்த ஆளு", எல்லாம். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் "நான் அப்படியா பேசுறேன் மேடம்?" என்று கேட்டார். எனக்குப் பாவமாகிவிட்டது. ஆங்கிலத்தில் பேச வைக்கவில்லை என்று மேலிடத்தில் அவருக்கும் திட்டு விழுகிறதாம். நிலா நன்றாக இருக்கிறாள், அமைதியான பிள்ளை, தொந்தரவே இல்லை என்று என்னிடம் சொல்லத்தான் நினைத்திருந்தாராம். அமைதியான பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இரண்டு விஷயம் முடிவாகியிருக்கிறது. சுண்டு விரல் காட்டினால் போதும், வாயைத் திறக்க வேண்டாம், எல்லாப் பிள்ளைகளுக்கும். அப்புறம் பத்தரைக்கும் இரண்டரைக்கும் எல்லாரும் ஒன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும், டீச்சரும் குடிப்பார்.

ஆங்கிலம் மட்டும்தான் என்ற விதியைப் பிரின்சிபாலிடம் பேச வேண்டும். நானும் இன்னும் மூன்று அம்மாக்களும் எழுத்தில் கேட்டிருக்கிறோம். அவசரத்துக்கும் உடம்புக்கும் எந்த மொழியும் சரி என்று டைரியில் ஒரு வரி அச்சடிக்க வேண்டும் என்று. இன்னும் பதில் வரவில்லை.

---

கோவை_மீரா | ஜூலை 2, இரவு 9.40

அந்த வரி வந்தால் இங்கே போடுங்கள், நாங்களும் எங்கள் பள்ளியில் கேட்கிறோம். ஆங்கிலம் பற்றி நான் முன்பு எழுதியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பாதிதான்.

பை எடை பார்த்தேன் தாத்தா. 4 கிலோ 200 கிராம். அவன் எடை 22. திங்கள்கிழமை கேட்கப் போகிறேன்.

---

செல்வம்_திருப்பூர் | ஜூலை 3, இரவு 10.50

நிலாஅம்மா, பாட்டில் எப்படி வருகிறது?

---

நிலாஅம்மா | ஜூலை 4, மாலை 5.05

இப்போதுதான் வந்தாள். அடியில் ஒரு வாய்த் தண்ணீர் இருக்கிறது. மூடி சரியாகத் திருகாமல் பைக்குள் கொஞ்சம் கொட்டி, கணக்கு நோட்டு நனைந்து போய்விட்டது. மின்விசிறிக்குக் கீழே காய வைத்திருக்கிறேன்.